விளக்குப் போடாத சாயங்காலங்கள்

பிரணிதாவைத் தொட முடியாது. பெற்றவள் பூங்கொடியாலேயே முடியாது. ரோட்டைத் தாண்டும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, பிடித்த இடத்தைக் கவுனில் துடைத்துக்கொள்வாள். தலை சீவினால் கத்துவாள். படுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எட்டு வயதாகியும் ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. பேச்சு இல்லை என்று சொல்ல முடியாது. டிவி விளம்பரங்களை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். மெயின் ரோட்டில் வரும் கம்பெனி பஸ்களைத் தூரத்திலேயே நிறத்தை வைத்து அடையாளம் கண்டு பெயர் சொல்வாள். ஆளைப் பார்த்துப் பேசுவதுதான் கிடையாது. நாலு வயதில் பெங்களூரில் காட்டியபோது ஆட்டிசம் என்றார்கள்.

பூங்கொடி அதை ஏற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அதன் அம்மா இடுப்பைக் கட்டிக்கொள்கிற நேரத்தில் அவள் வாசலில் நிற்கமாட்டாள். உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. அவள் புருஷன் அசோக்குமார் சிப்காட்டில் கியர் செய்கிற ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். அவன் மத்தூர்க்காரன், அவள் துறையூர்ப் பக்கம். ஓசூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் பார்த்துப் பேசிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பூங்கொடியும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள்தான். பாப்பாவுக்காக வேலையை விட்டாள்.

வேலையை விட்டதே முக்கால்வாசி சாப்பாட்டுப் பிரச்சினையால்தான். பல் முளைத்த வயதில் பிரணிதா எல்லாம் தின்றவள். மூன்று வயதுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. முதலில் பருப்பு போனது, பிறகு பழம், பிறகு முட்டை. பால் வாடையே ஆகாது. பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவாள். ஆனாலும் இட்லி கொஞ்ச காலம் இருந்தது. அது போனதற்கு மட்டும் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

பாப்பாவுக்கு ஆறு வயதிருக்கும்போது அசோக்குமாரின் அக்கா ஜெயமணி மத்தூரிலிருந்து வந்து தங்கினாள். கெட்டவள் இல்லை. பிள்ளை வெறும் சோற்றை உப்புப் போட்டுத் தின்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் செல்லங் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. ரெண்டு நாள் ஒண்ணும் குடுக்காம விடு, தம்பி. பசி எடுத்தா தானா வந்து திங்குது.”

பூங்கொடி வேண்டாம் என்றாள். அசோக்குமார் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நடக்கிற சண்டையில் அலுத்துப்போயிருந்தான். “அக்கா சொல்றதயும் ஒரு தடவ பாத்துடலாமே,” என்றான். கீரைச்சோறும் இட்லியும் ஒரே தட்டில் வைத்தார்கள். பிரணிதா அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள். சாயங்காலம் உதடு வெடித்து, கண் செருகிக்கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏறும்போது ஜெயமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு ஊருக்குப் போனவள், போனில்கூடப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்தத் தட்டில் இருந்ததால் இட்லியும் போய்விட்டது. மிஞ்சியது வெள்ளைச் சோறு, பொரி, ஒரே ஒரு வகை பிஸ்கட். அந்த பிஸ்கட்டும் உடைந்திருந்தால் தொடமாட்டாள். இனிமேல் கட்டாயப்படுத்துவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். பிள்ளை மெலியவும் இல்லை. கன்னமெல்லாம் உப்பலாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள், “புஷ்டியாத்தான இருக்குது, ஏன் கவலப்படற?” என்றார்கள். பூங்கொடியும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அது நடந்தது.

பூங்கொடி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. முடித்துவிட்டு எழுந்து விளக்கைப் போடலாம் என்று இருந்தாள். முன்னறையிலிருந்து பிரணிதா மெதுவாக நடந்து வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் ஒரு சின்னக் கை வந்து பூங்கொடியின் தோளில் விழுந்தது.

பூங்கொடி மூச்சு விடவில்லை. அந்தக் கை தோளிலிருந்து கழுத்துக்குப் போனது. கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறியது. மூக்குத்தி மேல் வந்து நின்று, விரலால் அதைத் தேய்த்தது.

“அம்மாதான்டா,” என்றாள் பூங்கொடி, மெல்ல.

“அம்மாதான்டா,” என்று பிரணிதா திருப்பிச் சொன்னாள்.

கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வது அவள் வழக்கம்தான். இருந்தாலும் அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்துவிட்டதே. பூங்கொடி வெங்காயக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் பிள்ளை விலகிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் காலையில் அசோக்குமார் எழுந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னாள். அவனுக்கு அப்போது மதியம் போய் இரவில் திரும்புகிற ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். அவன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது முறைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

“நெசமாவா?”

“மூக்குத்திய தேச்சுப் பாத்தாளுங்க. எவ்ளோ நேரம் நின்னா தெரியுமா?”

“தெரப்பி வேல செய்யுது போல,” என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பு. பிரணிதாவின் பக்கம் மெல்ல நகர்ந்து உட்கார்ந்து பார்த்தான். அவள் பொரிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சாயங்காலமும் வந்தாள். அதற்கடுத்த சாயங்காலமும். நைட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பூங்கொடி உட்கார்ந்தால் முதுகில் சாய்ந்துகொண்டாள். காது, ஜடை, வளையல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பூங்கொடிக்கு அந்த நேரம் எப்போது வரும் என்றே பகலெல்லாம் ஓடும். துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும் அந்த விரல்கள் கன்னத்தில் ஊர்வது போலவே இருக்கும்.

விளக்கைப் போட்டால் பாப்பா விலகிவிடுகிறாள் என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டாள். வெளிச்சம் வந்த மறுகணம் கை நைட்டியை விட்டுவிடும், பழைய பிரணிதா பழைய மூலைக்குப் போய்விடுவாள். வெளிச்சத்தில் கூச்சம் போலிருக்கிறது என்று பூங்கொடி நினைத்தாள். அதனால் விளக்குப் போடுவதைத் தள்ளிப் போட்டாள். முதலில் கொஞ்ச நேரம். பிறகு இன்னும் கொஞ்சம். லைன் வீடு முழுக்க டியூப்லைட் எரியும், இவர்கள் வீடு மட்டும் இருட்டிக்கிடக்கும். வீட்டுக்காரர் நாராயணப்பனின் மனைவி ஒருநாள் வாசலில் நின்று தெலுங்கில், “ஏம்மா, கரென்ட் லேதா?” என்று கேட்டாள்.

“இருக்குதுங்க. இப்பத்தான் போடணும்,” என்றாள் பூங்கொடி உள்ளேயிருந்து. போடவில்லை.

மற்ற விஷயங்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. பிள்ளை ஸ்டூலில் இடித்துக்கொண்டாள், முழங்காலுக்குக் கீழே அங்கங்கே கன்றிப்போயிருந்தது. சாயங்காலம் பஸ் பார்க்கக் கூட்டிப்போனால் பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றாள். பஸ் பெயர் எதையும் சொல்வதில்லை. பஸ் பைத்தியம் தீர்ந்து வேறெதிலோ பிடிப்பு வந்திருக்கும் என்று பூங்கொடி விட்டுவிட்டாள். அந்த ‘வேறெது’ தான்தான் என்று ஒரு நினைப்பும் அவளுக்குள் இருந்தது.

பகலில் கண்ணைக் கசக்குவதும் இறுக்கி மூடிக்கொள்வதும் அதிகமானபோது ஓசூரிலேயே ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிரணிதா அவரைக் கிட்டவே சேர்க்கவில்லை, டார்ச்சைத் தட்டிவிட்டாள்.

“போன் நெறைய பாப்பாளா?”

“ஆமா சார், நெறைய பாப்பா.”

“அதான். கண்ணு காயுது. சொட்டு மருந்து எழுதித் தர்றேன். போன குறைங்க.”

சொட்டு மருந்து விடுவது தினமும் ஒரு போராட்டம். பாதி கன்னத்தில் வழிந்தது. போனைப் பிடுங்கிப் பரண் மேல் வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கண்ணுக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

வாரத்தில் சில நாள் பிரணிதா போகிற தெரப்பி சென்டரில் காத்தூன் என்று ஒரு டீச்சர். சித்திரை மாசம், மதியத்துக்கு மேல் வானம் கறுத்து மழை வரப்பார்த்த ஒரு நாளில், வெளியே உட்கார்ந்திருந்த பூங்கொடியை அவர் உள்ளே கூப்பிட்டார். அறை மங்கலாக இருந்தது. பிரணிதா மேஜையில் முத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பாருங்க. முத்த எப்படி எடுக்கறான்னு.”

பிள்ளையின் தலை நேராக நிமிர்ந்திருந்தது. கை மட்டும் மேஜை மேல் அங்குமிங்கும் துழாவி ஒரு முத்தைப் பிடித்தது.

“கண்ணால தேடல. கையால தேடறா,” என்றார் காத்தூன்.

பூங்கொடிக்கு முகம் மலர்ந்தது. “ஆமா மேடம். வீட்லயும் இப்ப எல்லாத்தயும் தொட்டுத்தான் பாக்கறா. என் மூஞ்சியெல்லாம் தடவறா. முன்னாடி கிட்டவே வரமாட்டா. உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன்.”

காத்தூன் சிரிக்கவில்லை. “எந்நேரத்துல தடவறா?”

“சாயங்காலம். வெளக்கு போடறதுக்கு முன்னாடி.”

“வெளக்கு போட்டப்புறம்?”

பூங்கொடி வாயைத் திறந்தாள். சொல்லப்போகிற பதில் காதில் விழுவதற்கு முன்னாலேயே உள்ளே எங்கேயோ போய் இறங்கிவிட்டது.

“போட்டா… வர்றதில்ல மேடம்.”

காத்தூன் எழுந்து சுவிட்சைப் போட்டார். பிரணிதா குனிந்து, ஒரு சிவப்பு முத்தைப் பார்த்து எடுத்தாள். மேஜை மேல் முத்துகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பூங்கொடி விளக்கை அணைத்துவிட்டு, பிஸ்கட்டை எடுத்துச் சத்தமில்லாமல் மகளின் முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தாள். பிரணிதாவின் கண் அதன் மேல் போய், நிற்காமல் தாண்டிப்போனது. விளக்கைப் போட்டாள். உடனே கை நீண்டு பிஸ்கட்டைப் பறித்தது. இன்னொரு தடவை செய்து பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எரிகிற விளக்கின் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலமும் பிள்ளை தன்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், கண் தெரியாமல்.

அடுத்த நாளே அசோக்குமார் லீவு போட்டான். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு பஸ் ஏறினார்கள். பெரிய கண் ஆஸ்பத்திரி. லேசாக மயக்கம் கொடுத்துத்தான் பிரணிதாவின் கண்ணைத் திறந்து பார்க்க முடிந்தது. பார்த்த பெண் டாக்டர் வெளியே வந்து, கன்னடம் கலந்த தமிழில் முதலில் கேட்டதே இதுதான்:

“பாப்பா என்ன சாப்பிடுது?”

பூங்கொடி சொன்னாள். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

“வேற?”

“வேற இல்லைங்க மேடம்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசமா இதேதான். அதுக்கு முன்னாடியும் பெருசா ஒண்ணும் இல்ல.”

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு இவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். எடுத்த படத்தை போனில் காட்டினார். வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு திட்டு இருந்தது. இடது கண்ணின் கருவிழி நடுவில் பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது.

“விட்டமின் ஏ இல்ல. உடம்புல சுத்தமா இல்ல. முதல்ல இருட்டுல பார்வை போகும். மாலைக்கண்ணு அப்படின்னு சொல்வீங்கல்ல, அது. அப்புறம் கண்ணு காயும். அப்புறம் கருவிழி புண்ணாகும். இடது கண்ணுல புண்ணு ஆகிடுச்சு.”

“சரியாயிடுமா மேடம்?” என்று அசோக்குமார் கேட்டான்.

“வலது கண்ணு வரும். இருட்டுப் பார்வையும் சீக்கிரமே வரும். இடது கண்ணுல புண்ணு ஆறும், தழும்பு நிக்கும். வெளிச்சம் தெரியும். முகம் தெரியாது.” கொஞ்சம் நிறுத்தி, “குண்டா இருக்குற குழந்தைக்குக்கூட இது வரும்மா. வயிறு நிறையறது வேற, இது வேற,” என்றார்.

“எதுல இருக்கும் மேடம் இந்த விட்டமின்?”

“முட்டை, பால், கீரை, கேரட், பப்பாளி. மாம்பழம்.”

அசோக்குமார் எழுந்து வெளியே போய்விட்டான். பூங்கொடி அட்மிஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். எதிரில் தள்ளுவண்டியில் ஒருவன் மாம்பழம் அடுக்கிக்கொண்டிருந்தான். அசோக்குமார் அதைப் பார்த்தபடியே சொன்னான்: “மத்தூர்ல நம்ம மரத்தடியில விழுந்து கெடக்கறத மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். அவ்ளோ கெடக்கும், பூங்கொடி.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாத்திரையைக் கிள்ளி வாயில் பிழிந்தால் பிரணிதா துப்பினாள். அதனால் ஊசியாகப் போட்டார்கள். புண் ஆறும்வரை இடது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள், வலது கண்ணும் கூசி மூடியே கிடந்தது. அந்த வார்டில் இருந்த நாளெல்லாம் அவள் அம்மாவை விடவில்லை. பகலிலும் பிடித்துக்கொண்டாள், தூக்கத்திலும் பிடித்துக்கொண்டாள். மடியில் தலையை வைத்துப் படுத்தாள். பூங்கொடி கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். ‘கண்ணு வந்துடணும், கண்ணு வந்துடணும்’ என்று வாய் முணுமுணுக்கும். கன்னத்தில் கிடக்கிற கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் சொன்னது போலவே இருட்டுப் பார்வைதான் முதலில் திரும்பியது. அசோக்குமார் ஷிப்ட் மாறி, காலையில் போய் மதியம் வருகிறவனாகியிருந்தான். ஒரு சாயங்காலம் அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பூங்கொடி வேண்டுமென்றே விளக்கைப் போடாமல் அறை நடுவில் உட்கார்ந்தாள். பரிசோதித்துப் பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிரணிதா மூலையிலிருந்து எழுந்தாள். நேரே அம்மாவை நோக்கி வந்தாள். பூங்கொடியின் கழுத்து தானாக முன்னால் நீண்டது. பிள்ளை அவளைச் சுற்றிக்கொண்டு, நைட்டியின் ஓரத்தைக்கூட மிதிக்காமல், ஸ்டூலுக்கு விலகி, அலமாரியில் இருந்த பொரி டப்பாவை எடுத்தாள். எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பிப் போனாள்.

அசோக்குமார் உள்ளே வந்து விளக்கைப் போட்டபோது பூங்கொடி முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“என்னா ஆச்சு? தெரியலயா அவளுக்கு?”

“தெரியுதுங்க. நல்லா தெரியுது.”

“அப்புறம் ஏன் அழற?”

அவள் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தது, வீட்டுக்காரம்மாவிடம் பொய் சொன்னது, பிள்ளை தடுமாறியபோது நகராமல் தன்னிடம் வரட்டும் என்று காத்திருந்தது. “அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருந்துச்சு, நான் சந்தோசமா உக்காந்திருந்தேன். இப்பக்கூட, கண்ணு வந்துடுச்சேன்னு நெனைக்கறப்பவே அந்தக் கைய தேடுதுங்க மனசு. நானெல்லாம் ஒரு தாயா?”

அசோக்குமார் எதிரே உட்கார்ந்தான். துடைத்த துணி இன்னும் கையில் இருந்தது.

“எனக்கு ஒரு நாள்கூட கெடைக்கல, பூங்கொடி,” என்றான் பிறகு. “நீ காலையில சொல்லுவ. நான் மெஷின் முன்னாடி நின்னு அதயே நெனச்சுக்குவேன். என் மீசய தொட்டா என்னா பண்ணுவா, குத்துதுன்னு கைய எடுத்துக்குவாளா, சிரிப்பாளான்னு. ஷிப்ட மாத்திக் குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட நடையா நடந்தேன். சாயங்காலம் வீட்ல இருக்கணும்னுதான். மாத்திக் குடுத்தப்ப நாம ஆஸ்பத்திரியில இருந்தோம்.”

மூலையில் பிரணிதா ஒவ்வொரு பொரியாகத் தின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணில் அந்த வெள்ளைத் தழும்பு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனியில் ஜெயமணி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தாள். மாம்பழம் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. பையில் அரிசி மாவும் கேரட்டும் இருந்தன.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் பூங்கொடி. எனக்கு ஒரு அடுப்பு மட்டும் குடு,” என்றாள்.

“என்ன அண்ணி செய்யப்போறீங்க?”

“மொறுமொறுன்னு இருந்தாத்தான அது வாயில வெக்குது. தட்டுவடை தட்டிப் பாக்கலாம். கேரட்ட நைசா அரைச்சு மாவோட சேத்துட்டா பிஸ்கட் மாதிரிதான் வரும்.”

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொன்ன பெண்ணும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தாள். பிள்ளை தின்கிற பண்டத்துக்குச் சாயலாக ஒன்றைச் செய்து, அதன் பக்கத்தில் தனித் தட்டில் வையுங்கள். ஊட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள். தின்கிறாளா என்று பார்க்கவும் பார்க்காதீர்கள். நீங்கள் பார்ப்பதே அவளுக்கு ஒரு கை வந்து கழுத்தைப் பிடிப்பது மாதிரி. மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் வாய்வழி விட்டமின் சொட்டு மருந்து ஓடட்டும் என்றாள். வாடையில்லாத அந்த மருந்தைச் சோற்றில் கலந்து கொடுத்துவந்தார்கள். பிரணிதா அதைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று தினமும் பயந்தார்கள்.

ஜெயமணி தட்டுவடை போட்டு டப்பாவில் நிரப்பி, எப்படித் தட்டுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். போகும்போது பிரணிதாவின் பக்கம் கையை நீட்டப்போய், நடுவிலேயே மடக்கிக்கொண்டாள்.

ஆடி முழுக்க அந்தத் தட்டுவடை அப்படியே கிடந்தது. தினமும் புதிதாக ஒன்று வைப்பாள் பூங்கொடி, தினமும் நமத்துப்போனதை எடுத்துப் போடுவாள். முதலில் பிரணிதா அந்தத் தட்டு இருக்கிற பக்கமே உட்காரவில்லை. அப்புறம் உட்கார்ந்தாள். ஒருநாள் அதை விரலால் சுண்டிவிட்டாள். இன்னொரு நாள் எடுத்து மோந்துவிட்டு வைத்தாள், அன்று பூங்கொடிக்குச் சமையலே ஓடவில்லை. இதையெல்லாம் அவள் நேராகப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையாவது கிள்ளிக்கொண்டோ நறுக்கிக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். எட்டு வருஷமாக அந்த முகம் ஒரு தடவை தன்னைப் பார்க்காதா என்று ஏங்கியவள், இப்போது அந்த முகத்தைத் தான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் ஒரு மதியம். பூங்கொடி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது, பொரி மெல்லுகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு சத்தமும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் வேறொரு சத்தம் கேட்டது. கடினமான ஒன்று படக்கென்று உடைகிற சத்தம்.

அவள் கையில் இருந்த அவரைக்காய் அப்படியே நின்றது. முதுகுத்தண்டு முழுக்கத் திரும்பு, திரும்பு என்றது. சுவரில் காரை பெயர்ந்திருந்த ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்லுகிற சத்தம் கொஞ்சம் கேட்டது. நின்றது. அப்புறம் பிள்ளை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் பூங்கொடி திரும்பினாள். தட்டில் தட்டுவடை கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னதாக, அரை நிலா மாதிரி ஒரு கடி.

கொஞ்ச நேரத்தில் ஷிப்ட் முடிந்து அசோக்குமார் வந்தபோது அவள் தட்டின் பக்கத்திலேயே இருந்தாள். அவன் யூனிபாரத்தைக் கழற்றாமல், தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“துப்பிட்டாளா?”

“எங்கயும் காணோம். தேடிப் பாத்துட்டேன்.”

“அப்ப முழுங்கியிருப்பா.”

“வெளிய போய்த் துப்பியிருக்கலாம்ங்க. தெரியல. நான் திரும்பவே இல்ல.”

“எப்படித் திரும்பாம இருந்த?”

“இருந்தேன்,” என்றாள்.

அவன் அந்தக் கடித்த ஓரத்தைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான். தட்டை நகர்த்தக்கூட இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது, நடுவில், இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அவசர அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.